2007ல வாங்குன ரேடியோ ஸ்கேனருக்கு அன்லாக் நம்பர் கேட்டு ஒரு புகார்

பெறுநர்: கஸ்டமர் கேர் மேனேஜர் சாருக்கு
அனுப்புநர்: மோட்டார் வைண்டிங் கடைக்காரன், காங்கேயம்
பொருள்: ஸ்கேனர் புரோகிராமிங் சாப்ட்வேர் புது லேப்டாப்ல ஓடாதது, ஓடும்னு சொல்லி கேபிள் வித்தது, தீராத கம்ப்ளைண்ட்டை தீந்துச்சுன்னு மூடுனது

வணக்கம் சார்,

நான் காங்கேயத்துல மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கறனுங்க, பொழுதுபோக்கா ரேடியோல பேசிக்கற ஹாம் ரேடியோ லைசென்ஸும் இருக்குது, அந்த லைசென்ஸ் காப்பியக் குடுத்துத்தான் 2007ல உங்க டீலர்கிட்ட டேபிள்ல வெக்கற ஸ்கேனர், அதாவது பல அலைவரிசையத் தேடிக் கேக்கற ரேடியோ, ஒன்னு 18,500 ரூவாய்க்கு வாங்குனது. அந்தக் காசுல தோட்டத்துக்கு கம்பி வேலி போட்டிருக்கலாம்னு என்ற ஊட்டுக்காரம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டறாங்க. ஆனா ரேடியோ மேல ஒரு கொறையும் சொல்ல மாட்டேனுங்க. ஸ்பீக்கர் ஒருவாட்டி மாத்துனேன், திருகற குமிழ் தேஞ்சு வழுக்குது, அவ்வளவுதான். ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருந்து அப்பப்ப 145.800 மெகாஹெர்ட்ஸ்ல படம் அனுப்புவாங்க, கீச்சு கீச்சுன்னு சத்தமா வரும், அதைப் புடிச்சு கம்ப்யூட்டர்ல விட்டா கோடு கோடா படம் எறங்கும், பக்கத்து ஊட்டுப் பசங்க எல்லாம் ஒட்டுக்கா வந்து உக்காந்துக்குவாங்க. கோவை வானொலி 999ல இருந்து சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பற ஹாம் ரிப்பீட்டர் வரைக்கும் மொத்தம் 412 சேனல் பேரோட போட்டு வெச்சிருந்தேன்.

போன ஆடிக்காத்துல கரண்டு போறதும் வாரதுமா இருந்து என்ற பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் போர்டு போச்சுங்க. கெப்பாசிட்டர் உப்பியிருந்துச்சு, ரெண்டுவாட்டி நானே மாத்தியிருக்கறேன், இந்தவாட்டி போர்டே கருகீருச்சு. சரி போகுதுன்னு விட்டேன். அடுத்த மாசமே ரேடியோவுக்குள்ள மெமரியக் காப்பாத்தற லித்தியம் பேட்டரி தீந்து 412 சேனலும் அழிஞ்சு போச்சு. பேட்டரி மாத்தீட்டேன். சேனல் பைல் பென் டிரைவ்ல பத்திரமா இருக்குது, திருப்பி ஏத்தோணும், அதுக்கு உங்க சாப்ட்வேர் வேணும், இங்கதான் கெரகம் ஆரம்பிச்சுது.

இப்ப ஊட்டுல இருக்கறது என்ற பொண்ணோட லேப்டாப், விண்டோஸ் 11. உங்க சிடியப் போட்டா செட்அப் பைலே தொறக்கல, இந்த ஆப் உங்க பிசில ஓடாதுன்னு ஒரு நீலப் பொட்டி வந்துச்சு. உங்களுக்குப் போன் பண்ணுனேன். கம்பாட்டிபிளிட்டி மோடுல எக்ஸ்பி செலக்ட் பண்ணி ஓட்டுங்கன்னு சொன்னாங்க. பண்ணுனேன், ஓடல. மறுபடி போன், மறுபடி அதே பதில். மூணாவது வாட்டி வேற ஒரு தம்பி எடுத்தாப்டி, அவரும் அதையே சொல்றாரு. அப்பறம் என்ற அக்கா பையன் வந்து பாத்துட்டு, மாமா இந்த சாப்ட்வேர் 32 பிட்டுதான், ஆனா அதை இன்ஸ்டால் பண்ற செட்அப் பைல் மட்டும் அதுக்கும் முந்துன காலத்து 16 பிட்டு, விண்டோஸ் 11ல 32 பிட் எடிசனே கெடையாது, எல்லாமே 64 பிட்டு, அதுல 16 பிட் புரோகிராம் எந்த மோடு போட்டாலும் எந்திரிக்காதுன்னு அஞ்சு நிமிசத்துல சொல்லீட்டான். பி.காம் படிக்கற பையனுங்க அவன். உங்க டெக்னிக்கல் டீமுக்கு இது தெரியாதுங்களா, இல்ல தெரிஞ்சும் போனை வெச்சாப் போதும்னு சொன்னாங்களா?

சரி, நாங்களே வேலையப் பாத்தோம். பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் நல்லா இருந்துச்சு, அதை யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டி உங்க சாப்ட்வேர் போல்டரை அப்படியே காப்பி பண்ணுனோம். தொறந்தா, கேபிள் வழியா ரேடியோவோட பேசறதுக்கு வேணுங்கற எம்எஸ்காம்32 ஓசிஎக்ஸ் பைல் இல்லைன்னு எரர். அதை ஹார்ட் டிஸ்க்ல தேடி எடுத்து சரியான போல்டர்ல போட்டு அட்மின் கமாண்டுல ரெஜிஸ்டர் பண்ணுனான் பையன், தொறந்துச்சு. ஹெல்ப் அமுக்குனா வராது, அந்தக் காலத்து ஹெல்ப் பைலை புது விண்டோஸ் படிக்காதாமா, பரவால்ல, புஸ்தகம் எங்கிட்ட இருக்குது. அடுத்தது கேபிள். பழைய கேபிள்ல இருந்த சிப்பை 2012லயே நிறுத்தியாச்சு, வித்தவங்களைக் கேளுங்கன்னு டிவைஸ் மேனேஜர்லயே எழுதி வருதுங்க! எழுதுனபடியே வித்தவங்களான உங்களைக் கேட்டேன்.

அப்பத்தான் நீங்க புது கேபிள் வாங்கச் சொன்னீங்க. வாங்கறதுக்கு முன்னால ரெண்டுவாட்டி கேட்டேனுங்க, என்ற மாடல் இது, லேப்டாப் விண்டோஸ் 11, இந்தக் கேபிள் வாங்குனா சேனல் ஏத்த முடியுமான்னு. முடியும் சார்னு வாட்ஸ்அப்ல பதில் இருக்குது, ஸ்கிரீன்ஷாட் இதோட வெச்சிருக்கறேன். 3,200 ரூவா கட்டுனேன். கேபிள் வந்துச்சு, லேப்டாப்ல காம் 7ங்கற போர்ட்டு நம்பர்ல உக்காந்துச்சு, உங்க சாப்ட்வேர்ல காம் 1ல இருந்து 4 வரைக்கும்தான் லிஸ்ட்டே இருக்குது, அதையும் டிவைஸ் மேனேஜர்ல போயி காம் 3ன்னு மாத்துனோம். ரேடியோவப் படிச்சுது! வெறும் மெமரிதான், ஆனாலும் ரேடியோவும் லேப்டாப்பும் பேசிக்கிச்சுன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம், டீ வாங்கியாரச் சொன்னேன்.

எழுதறதுக்கு அமுக்குனேன். டெமோ மோடுல படிக்க மட்டும்தான் முடியும், எழுதோணும்னா ரெஜிஸ்டர் பண்ணுங்கன்னு வருது. கம்ப்யூட்டர் மாறிப் போச்சுன்னு பழைய அன்லாக் நம்பரை ஒத்துக்க மாட்டேங்குது. 16 இலக்கத்துல ஒரு கோடு நம்பர் காட்டி, இதை இந்த பேக்ஸ் நம்பருக்கு அனுப்புங்க, அன்லாக் நம்பர் அனுப்பறோம்னு போட்டிருக்குது. பேக்ஸ் சார். 2007ல பஸ் ஸ்டாண்டு எதுர்ல இருந்த எஸ்டிடி பூத்துல 20 ரூவா குடுத்து அனுப்புனேன், ரெண்டு நாள்ல நம்பர் வந்துச்சு. இப்ப அந்த பூத் செல்போன் கவர் விக்கற கடை. பேக்ஸ் மிசினுக்கு ஊரெல்லாம் கேட்டு கடைசில ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருந்துச்சு, அவுங்களும் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுத்தான் குடுத்தாங்க. அடிச்சா அந்த நம்பரே உபயோகத்துல இல்லைங்குது.

எக்ஸ்பியவே உள்ள ஓட்டற விர்ச்சுவல் மிசின் போட்டும் பாத்தாச்சு. அதுலயும் எல்லாம் சரியா ஓடுது, கடைசில வந்து நிக்கறது அதே அன்லாக் பொட்டி. 16 பிட்டு, ஓசிஎக்ஸ், காம் போர்ட்டு எல்லாத்தையும் நாங்களே தாண்டீட்டோம், உங்க கைல இருக்கற ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி.

அந்த நம்பரைக் கேட்டதுக்கு நீங்க அனுப்புன மெயிலு: அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சுது, 62,000 ரூவாய்க்கு புது மாடல் இருக்குது, பழைய கஸ்டமருக்கு 5 பர்சன்ட் கழிவு. அன்னைக்கே கம்ப்ளைண்ட் தீர்க்கப்பட்டதுன்னு எஸ்எம்எஸ் வந்து, உங்க அனுபவத்துக்கு எத்தனை ஸ்டார்னு வேற கேக்குது. போன்ல பேசுன அந்தப் புள்ள மேல எனக்கு வருத்தமே இல்லீங்க, எழுதி வெச்சதைப் படிக்குது, அது சோலி அது. நடுவால ஒருத்தர் டிரைவர் சிக்னேச்சர், மெமரி இன்டெக்ரிட்டின்னு விண்டோஸ்ல இருக்கற பாதுகாப்பு எல்லாத்தையும் ஆஃப் பண்ணீட்டு ட்ரை பண்ணுங்கன்னும் சொன்னாரு. அந்த லேப்டாப்லதான் கடையோட ஜிஎஸ்டி கட்டறோம், பேங்க் கணக்குப் பாக்கறோம். ஒரு ரேடியோவுக்கு சேனல் ஏத்த ஊட்டுக் கதவையே களட்டி வெக்கச் சொல்றீங்களே.

எங்கூருக்குப் பக்கத்துல சிவன்மலைல ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு ஒன்னு இருக்குதுங்க. பக்தருங்க கனவுல சாமி சொல்ற பொருளை அதுல வெச்சு பூசை பண்ணுவாங்க, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அந்தப் பொருள் மாறாது. உங்க சாப்ட்வேரும் 2007ல வெச்சது வெச்சபடி இருக்குது. அங்கயாவது அடுத்த உத்தரவு வந்துரும்.

கையில தட்டியே போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. போட்டுப் பாத்தேன். பிரீக்குவன்சி, மோடு, ஸ்டெப், டோன், அப்பறம் பேரு, பேருல ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தத் தேஞ்ச குமிழைத் திருகோணும். ஒரு சேனலுக்கு 4 நிமிசம் ஆகுது. 412 சேனலுக்கு 27 மணி நேரத்துக்கு மேல வருதுங்க, கண்ணாடி போட்டுட்டு நான் உக்காந்து திருகறதுக்கு. பைல் பென் டிரைவ்ல இருக்கறப்ப எதுக்குத் திருகோணும்?

என்ற தொழிலை வெச்சு ஒன்னு சொல்றேன். கோயமுத்தூர்ல ஜி.டி.நாயுடு காலத்துல, 1937லயே மோட்டார் பண்ண ஆரம்பிச்ச சீமைங்க இது. 40 வருசத்து மோட்டாரெல்லாம் எங்கிட்ட வருது, செஞ்ச கம்பெனியே இப்ப இருக்காது. ஆனா மோட்டார் மேல ஒரு பிளேட் அடிச்சிருப்பாங்க, 5 எச்பி, 415 வோல்ட், 1440 ஆர்பிஎம்னு. உள்ள பிரிச்சா 36 ஸ்லாட்டு, எத்தனை சுத்து, என்ன கேஜ் கம்பின்னு எண்ணிக்கலாம். அது போதுமுங்க, நான் மட்டுமில்ல, வெள்ளகோவில்ல இருக்கற வைண்டிங்காரரும் அதைத் திருப்பி ஓட வெச்சிருவாரு. செஞ்சவங்ககிட்ட நம்பர் வாங்கிட்டு வந்துதான் சுத்தோணும்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க வித்த பொட்டில அந்த பிளேட்டே இல்ல. ரேடியோவுக்கு என்ன கமாண்டு போகுது, மெமரி எப்படி அடுக்கியிருக்குதுன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுத்திருந்தா என்ற அக்கா பையன் மாதிரி நாலு பேரு சேந்து புதுசா ஒரு சாப்ட்வேரே பண்ணியிருப்பாங்க, உங்களை நாங்க தொந்தரவே பண்ண மாட்டோம்.

அதனால நான் கேக்கறது சாஸ்தி ஒன்னுமில்லீங்க. என்ற ஸ்கேனர் சீரியல் நம்பரும் அந்த 16 இலக்கக் கோடு நம்பரும் இதோட இருக்குது, அதுக்கு அன்லாக் நம்பர் அனுப்புங்க, அதைப் போடறதுக்கு உங்களுக்கு ஒரு ரூவா செலவாகாது. இல்ல அந்த நம்பர் போடற ஆளே இப்ப உங்க ஆபீஸ்ல இல்லைன்னா அந்தப் பூட்டை எடுத்துட்ட சாப்ட்வேர் பைலையோ, இல்ல மெமரி விவரத்தையோ குடுங்க. ரெண்டும் முடியாதுன்னா, ஓடும்னு எழுத்துல சொல்லி வித்த கேபிளுக்கு 3,200 ரூவாயும் கூரியர் செலவு 120ம் திருப்பிக் குடுங்க. 62,000 ரூவா மாடல் பத்தி தயவு செஞ்சு மறுபடி மெயில் போடாதீங்க, ஊட்டுக்காரம்மா படிச்சுட்டாங்க.

15 நாள் பாப்பேன். அப்பறம் 1915ங்கற போன் நம்பர்ல நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு சொல்லீட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டுருவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நான் குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் இல்லைன்னு அந்த பேக்ஸ் குடுத்த வக்கீல் சொன்னாரு. அவருக்கு அந்த பேக்ஸ் மிசின்ல ஒரு வேலை வந்ததே பெரிய சந்தோசம், கேஸையும் அவரே பாத்துக்கறாராமா. மெரட்டறதுக்கு சொல்லலீங்க, நடக்கறதைச் சொல்றேன்.

பில்லு, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், அன்லாக் பொட்டி போட்டோ, பேக்ஸ் போகலைன்னு வந்த சீட்டு நாலும் இணைச்சிருக்கறேன். போன் பண்றதா இருந்தா காலைல 11 மணிக்கு மேல பண்ணுங்க, அதுக்கு முன்னால மோட்டாருக்கு வார்னிஷ் ஊத்தீட்டு இருப்பேன், கையெல்லாம் ஒட்டும், போன் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
உங்க 2007ம் வருசத்துக் கஸ்டமர்
காங்கேயம்