பூஜ்யம் அரண்மனையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த குவாலியர் கோட்டைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மான் மந்திர் அரண்மனையின் நீல ஓடுகளையும் அவற்றில் வரிசையாக நடக்கும் மஞ்சள் வாத்துகளையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் மட்டும், ‘உலகின் முதல் பூஜ்யமும் இந்த அரண்மனைச் சுவரில்தான் இருக்கிறது’ என்று போகிற போக்கில் ஒரு வரி. முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் பூஜ்யம் போட்டவன் நான். ஒரே வரியில் இரண்டு பிழைகள் இருக்கும்போது சிவப்பு மை தொடாமல் இருக்க முடியவில்லை.

முதல் பிழை இடத்தைப் பற்றியது. அந்த அரண்மனையைக் கட்டிய மன்னர் மான்சிங் தோமரின் ஆட்சி 1486இல் தொடங்குகிறது. பூஜ்யம் கல்லில் வெட்டப்பட்டது அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கி.பி. 876இல். அது இருப்பது சதுர்புஜர் கோயில் என்னும் சின்னஞ்சிறு பெருமாள் கோயிலில். கோட்டையின் கிழக்கு வாசல் வழியாக ஏறும் பாதையில், லட்சுமணன் வாசலை நெருங்கும் இடத்தில், பாறையைக் குடைந்து செய்திருக்கிறார்கள். பத்துப் பேர் உள்ளே நின்றால் நெருக்கியடிக்கும்.

கட்டுரையாளர் அதைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அவரைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். வண்டிகள் எல்லாம் மேற்கே ஊர்வாய் வாசல் வழியாகத்தான் ஏறுகின்றன. அந்த வழியில் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்காகவே அந்தப் பாதையிலும் ஒரு முறை போகலாம். ஆனால் அப்படி ஏறி அப்படியே இறங்குகிறவர்கள் கண்ணில் சதுர்புஜர் படுவதே இல்லை. போன தை மாதம் நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். எங்கள் வேனும் மேற்கு வழியாகத்தான் ஏறியது. பூஜ்யத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். “சார், அது லிஸ்டில் இல்லை” என்றார். மறுநாள் காலை குழு கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்துக் கிழக்கு வாசலில் இறங்கினோம். “ஒன்றுமில்லாததைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?” என்று கேட்டுக்கொண்டேதான் என் மனைவி படியேறினாள்.

கோயிலில் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. எனக்கு இந்தி தெரியாது. காவலாளியின் முன்னால் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். உள்ளே கைபேசி விளக்கைக் கல்வெட்டுக்கு நேராகக் காட்டினால் ஒன்றும் தெரியவில்லை. அவர் அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்தன. அந்த வரிசையில் 270. இரண்டும் ஏழும் இன்று நாம் எழுதுவதற்கு வெகு அருகில் இருக்கின்றன. பூஜ்யம் மட்டும் மற்ற இரண்டையும்விடச் சின்னதாக, கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் ஒரு வட்டம். நோட்டுப் புத்தகத்தில் அப்படிப் போட்ட பிள்ளைகளை நான் அதட்டியிருக்கிறேன்.

அது என்ன கணக்கு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஊரார் கோயிலுக்குப் பூந்தோட்டம் விட்ட கணக்கு அது. நீளம் 270 முழம், அகலம் 187 முழம். செக்குக்காரர்கள் விளக்குக்கு எண்ணெய் தர வேண்டும். தோட்டக்காரர்கள் அன்றாடம் 50 மாலை தர வேண்டும். அந்த ஐம்பதிலும் ஒரு பூஜ்யம் இருக்கிறது. நம்மூரில் பூவை இன்றும் முழம் போட்டுத்தான் விற்கிறார்கள். அங்கே தோட்டத்தையே முழம் போட்டு அளந்திருக்கிறார்கள். முழம் ஒன்றரை அடி என்று வைத்து அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேலே வருகிறது. பழைய தமிழ் எண்களில் இதே 270ஐ ௨௱௭௰ என்று எழுத வேண்டும். நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி இருந்ததால் அந்த முறையில் பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. குவாலியரில் மூன்று இலக்கம் போதும். இதை மனைவிக்கு விளக்கத் தொடங்கினேன்; காவலாளி பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது பிழை ‘உலகின் முதல்’ என்பது. வாட்ஸ்அப்பிலும் இப்படித்தான் சுற்றுகிறது. கம்போடியாவில் கிடைத்த ஒரு கல்வெட்டில் சக ஆண்டு (கி.பி. 78இலிருந்து எண்ணுவது) 605 என்று எழுதியிருக்கிறார்கள். அது கி.பி. 683. நடுவில் உள்ள பூஜ்யம் அங்கே ஒரு புள்ளி. ஆக, குவாலியருக்கு 193 ஆண்டுகள் முந்தியது. இதனால் குவாலியரின் மதிப்புக் குறைந்துவிடாது. இல்லாத பட்டத்தைக் கட்டிவிட்டால்தான், விவரம் தெரிந்தவர்கள் உள்ளதையும் நம்ப மாட்டார்கள்.

மேலே ஏறி யானை வாசலைத் தாண்டியதும் அரண்மனை. மதில் ஓரம் நின்றால் ஊர் முழுவதும் காலடியில் கிடக்கிறது. அக்பர் அவைப் பாடகர் தான்சேன் அடக்கமான இடமும் அந்தக் கூரைகளுக்கு நடுவேதான். கோட்டைக்குள் இருக்கும் தேலி கா மந்திர் என்னும் பழைய கோயிலின் கூண்டு வண்டி போன்ற கூரையைப் பார்த்ததும் என் மனைவி, “மாமல்லபுரத்துப் பீம ரதம் மாதிரி இருக்கிறதே” என்றாள். எனக்கு அது தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

திருத்தம் வெளியிடுவீர்களானால், வழியையும் சேர்த்துப் போடுங்கள். கிழக்கு வாசல் வரை ஆட்டோ போகும், அதன்பின் நடைதான். ஏற்றம் கொஞ்சம் கடுமை. மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில் கோயில் வந்துவிடும். பூட்டியிருந்தால் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
விருத்தாசலம்.