தொம்பைத் துணியும் டெண்டர் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோயில்களுக்குத் தேர்ச்சீலை, தொம்பை (தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் உருளை வடிவத் துணி), வாசமாலை (வாசலுக்கு மேலே கட்டும் தோரணத் துணி) தைத்துக் கொடுக்கும் தையற்காரன் நான். துணியில் இயற்கைச் சாயத்தால் கையாலேயே எழுதும், அதாவது படம் வரையும், கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இன்று திருவிழாக் கமிட்டிக்காரர்கள் என் கடைக்குக் கொண்டுவருவது கம்ப்யூட்டரில் அச்சடித்த பாலியெஸ்டர். அதே யாளி, அதே அன்னம், அதே கொடி. கேட்டால், "உசரத்துல தொங்கப்போறது, யாருக்குங்க தெரியப்போவுது?" என்கிறார்கள்.

தைக்கிறவனுக்குத் தெரியும். துணியைப் புரட்டினால் போதும். அச்சுத்துணியின் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். கையால் எழுதிய துணியில் சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கும். காடாத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து நனைத்துக் காயவைத்த பிறகுதான் எழுதவே உட்காருவார்கள். பாலில் உள்ள கொழுப்பு மசியைப் பரவவிடாது. கறுப்பு மசி என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவிட்டு எடுப்பது. பானையில் பார்த்தால் வெறும் பழுப்புத் தண்ணீர். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கத் தொடங்கும். கூராகச் சீவிய மூங்கில் குச்சியில், நுனிக்குச் சற்று மேலே துணியை உருண்டையாகச் சுற்றியிருப்பார்கள். அதை விரலால் அழுத்தும் அளவுக்குத்தான் மசி இறங்கும். சிவப்புக்குப் படிகாரத்தால் எழுதி, வேர்ச்சாயத்தில் போட்டுக் காய்ச்சுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு பிடிக்கும். அந்தத் துணியில் கொசுவம் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். பாலியெஸ்டர் ஊசிக்கடியில் வழுக்கிக்கொண்டே போகும், அது என் தனிப் புலம்பல்.

இந்தக் கலைக்குப் பெயர் தந்த கோடாலிக்கருப்பூரில் ஒரு காலத்தில் சேலையும் செய்தார்கள். தறியிலேயே ஜரிகை கோத்து நெய்த பருத்திச் சேலையில், மெழுகால் கோடு மறைத்துச் சாயம் ஏற்றிய வேலை. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்தது. 1855-இல் வெள்ளைக்காரன் சமஸ்தானத்தை எடுத்துக்கொண்ட பிறகு ஆதரிக்க ஆளில்லாமல் அந்தச் சேலை மெல்ல நின்றுபோனது. இன்று அதைப் பார்க்க மியூசியத்துக்குத்தான் போகவேண்டும். தொம்பை பிழைத்ததற்குக் காரணம், கோயில் தொடர்ந்து வாங்கியதுதான். சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் எழுதுகிற சில குடும்பங்களுக்கு அந்தக் கோயில் வேலையும் போய்விட்டால், புவிசார் குறியீட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவே.

விளக்கெண்ணெய்க்கே வழியில்லாத கிராமத்துக் கோயிலை நான் சொல்லவில்லை. அவர்கள் எதைக் கட்டினாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள். உண்டியல் நிறையும் பெரிய கோயில்களைச் சொல்கிறேன். அங்கே எஸ்டிமேட்டில் 'அலங்காரத் துணி' என்று மொட்டையாகப் போட்டால், விலை குறைத்துக் கேட்பவருக்குத்தானே டெண்டர் போகும்? கையால் எழுதிய பருத்தித் துணியோடு பாலியெஸ்டர் விலையில் மோதினால் யார் ஜெயிப்பார்? 'கையால் எழுதிய கருப்பூர் கலம்காரி' என்று தனி இனமாகவே எழுதும்படி அறநிலையத்துறை உத்தரவிடவேண்டும். ஆர்டரையும் விழாவுக்குப் பல மாதம் முன்பே கொடுக்கவேண்டும். கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடிவந்தால் அச்சுத்துணிதான் கிடைக்கும்.

அச்சுத்துணி வந்தாலும் நான் தைத்துக் கொடுக்கத்தான் செய்கிறேன், பிழைப்பு நடக்கவேண்டுமே. ஆனால் பில்லில் 'கலம்காரி' என்று எழுதித் தரச் சொன்னால் மட்டும் எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
தேர்ச்சீலை தையற்காரர்,
கும்பகோணம்.