போகும்போது சாம்பல், திரும்பும்போது வெறும் படகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியா–வங்கதேச ஆற்றுவழிச் சரக்குப் போக்குவரத்தைப் பற்றி நாம் படிக்கும் செய்திகள் பெரும்பாலும் முதல் பயணத்தோடு முடிந்துவிடுகின்றன. 2019 ஜூலையில் பூட்டானின் ஜல்லிக்கற்கள் லாரியில் அசாமின் துப்ரிக்கு வந்து, அங்கே கப்பலேறி வங்கதேசத்தின் நாராயண்கஞ்சுக்குச் சென்றதும், 2022 பிப்ரவரியில் பாட்னாவிலிருந்து கிளம்பிய 200 டன் உணவு தானியம் வங்கதேசத்தின் ஊடாகக் குவாஹாட்டியின் பாண்டு துறையை அடைந்ததும் பெரிதாகப் பேசப்பட்டன. அந்தத் தானியம் 2,350 கி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இரு நாடுகளின் படகுகளும் ஒன்றன் ஆறுகளை மற்றொன்று பயன்படுத்த 1972-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் அன்றாடம் நடக்கும் வணிகம் வேறு. கொல்கத்தாவில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருந்த காலத்தில், வங்கதேசக் கொடி கட்டிய படகுகள் அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றிக்கொண்டு, மேல்தளத்தை அலை நனைக்கும் அளவுக்குத் தாழ்ந்து ஹூக்ளி ஆற்றில் இறங்கிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே படகு திரும்பி வரும்போது அடிப்பகுதியின் சிவப்புச் சாயம் தெரிய உயர்ந்து மிதக்கும். உள்ளே ஒன்றும் இராது. நமக்குக் கழிவாகிப்போன சாம்பல் அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். ஏற்றுவதும் ஆற்றங்கரையில், இறக்குவதும் ஆற்றங்கரையில், நாலு நாள் தாமதமானாலும் கெட்டுப்போகாது. ஆற்றுவழி லாபமாவதற்கு இந்த மூன்றும் வேண்டும். துப்ரிக்கு வருவதற்கே 160 கி.மீ. லாரியில் பயணம் செய்த ஜல்லிக்கு முதல் வசதி இல்லை.

ஆழமும் ஒரு சிக்கல். வங்கதேசத்தில் உள்ள சிராஜ்கஞ்ச்–தைக்கோவா, ஆஷுகஞ்ச்–ஜாகிகஞ்ச் ஆற்றுத் தடங்களைத் தூர்வாரும் செலவில் இந்தியா 80 விழுக்காட்டையும் வங்கதேசம் 20 விழுக்காட்டையும் ஏற்றுக்கொண்டன. முதல் தடம் அமைந்த பிரம்மபுத்திராவோ ஒவ்வொரு வெள்ளத்திலும் மணலை இடம் மாற்றிப் போடும் ஆறு. ஒருமுறை வாரிய மணலுக்குக் கூலி கொடுப்பதைவிட, ஆண்டு முழுவதும் குறித்த ஆழம் இருந்தால் மட்டுமே பணம் என்று ஒப்பந்தம் செய்வதே பொருத்தம். சுந்தரவனப் பகுதியில் சாம்பல் படகுகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மூழ்கியுள்ளன என்பதால், அளவுக்கு மீறிய பாரத்தையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

2020-இல், இந்த உடன்படிக்கையின்படி படகுகள் சரக்கை ஏற்றி இறக்கும் துறைகள் ஒவ்வொரு நாட்டிலும் 6-இலிருந்து 11 ஆக உயர்த்தப்பட்டன. அடுத்த அறிவிப்பு வரும்போது, திரும்பும் படகில் எத்தனை டன் வரும், ஆற்றில் நீர் குறையும் பிப்ரவரி மாதத்தில் தடத்தில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
நாகப்பட்டினம்.