அருகுதலும் அழிதலும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'முற்றிலும் அருகிவிட்ட உயிரினம்' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அருகுதல் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அரிதாவது. மிச்சம் இன்னும் இருக்கிறது என்று பொருள். ஒன்றுகூட இல்லையென்றால் அது அற்றுப்போனது. இலக்கண நூல்கள் 'அருகிய வழக்கு' என்பதும் 'வழக்கொழிந்த சொல்' என்பதும் வேறு வேறு.

எண்ணிக்கையோ புழக்கமோ குறைவதற்கே இச்சொல் பொருந்தும். 'ஏரி நீர் அருகியது' என்றால் காதில் இடிக்கிறது. நீர் வற்றும், வெள்ளம் வடியும், காய்ச்சல் தணியும், நிலா தேயும். ஒரே நாளில் விழுந்த விலைக்கும் இது ஆகாது, அது சரிவு. 'அருகி போனது' என எழுதுவதும் பிழை. இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும், 'அருகிப்போனது'. 'அருகி வருகிறது' என்பதில் ஒற்றுக்கு வேலையில்லை.

பெரிய குழப்பம் 'அருகாமை'. இதைப் பக்கம் என்ற பொருளில் எல்லோரும் எழுதுகிறோம். செய்யாமை, குன்றாமை போல எதிர்மறையாகப் பிரித்துப் பார்த்தால் 'குறையாமை' என்றல்லவா வருகிறது! பேச்சில் வேரூன்றிவிட்டதைப் பிடுங்கச் சொல்லவில்லை. அச்சில் மட்டுமாவது 'பள்ளிக்கு அருகாமையில்' என்பதை 'பள்ளிக்கு அருகில்' என்று திருத்தலாம். இரண்டு எழுத்து மிச்சம், தலைப்பில் இடமும் கிடைக்கும்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்