முதலில் டயர், பிறகுதான் ஷீட்: மின்சார எஸ்யூவியின் சத்தமும் குலுக்கலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார எஸ்யூவி பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி என்பதைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். சவாரியைப் பற்றி ‘சத்தமே இருக்காது’ என்ற ஒற்றை வரியோடு சரி. அதை நம்பி வாங்கியவர்கள் சில மாதம் கழித்துப் பட்டறையில் வந்து சொல்வது வேறு: பழைய டீசல் வண்டியில் கேட்காத சத்தமெல்லாம் இதில் கேட்கிறது, சின்னக் குழியில்கூடத் தூக்கிப் போடுகிறது. புகாரில் பொய் இல்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் இதற்கு மருந்தென்று இப்போது விற்கப்படுவது நான்கு கதவுக்கும் தரைக்கும் ஒட்டும் டேம்பிங் ஷீட், அதாவது தகரத்தின் அதிர்வை அடக்கும் ஒட்டுத் தாள். பல ஆயிரம் ரூபாய் போன பிறகும் இரைச்சல் அப்படியே இருக்கிறது என்று மறுபடி வந்து நிற்கிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை தெரியாததுதான் காரணம். அந்த வரிசையைச் சொல்லத்தான் இக்கடிதம்.

எஞ்சின் இருந்தவரை அதன் உறுமல் மற்ற சத்தங்களை மூடி வைத்திருந்தது. மின் மோட்டாரில் அது இல்லாததால் தாரில் டயர் உருளும் இரைச்சல், ஆளில்லாத பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி தூணில் தட்டுவது, டிக்கியில் ஜாக்கியும் சார்ஜர் கேபிளும் புரள்வது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. மெதுவாகப் போகும்போது மோட்டாரும் கியரும் தரும் மெல்லிய விசில், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் டயர், 80, 90க்கு மேல் காற்று. நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை உள்ள நெரிசலில் 60ஐத் தொடுவதே பெரிய காரியம். அதனால் நம் ஊர் ஓட்டத்தில் காதைக் குடைவது பெரும்பாலும் டயர்தான்.

குலுக்கலுக்குக் காரணம் எடை. 40 முதல் 60 கிலோவாட் மணி பேட்டரி மட்டுமே சுமார் 300 முதல் 450 கிலோ வரும். அதைத் தாங்க ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறார்கள். உயரமான வண்டி வளைவில் சாயாதிருக்க ஷாக் அப்சார்பரையும் இறுக்குகிறார்கள். கனம் தரையோடு இருப்பதால் பெரிய மேடு பள்ளத்தில் வண்டி நிதானமாக ஏறி இறங்கும். ஆனால் ஜல்லி பெயர்ந்த ஓரம், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய குறுக்குப் பள்ளம், சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன மேன்ஹோல் மூடி ஆகியவற்றின் கூரான விளிம்பில், அதுவும் 30 கி.மீ. வேகத்துக்குக் கீழே, அடி நேராக முதுகுக்கு வரும். தனியாக ஓட்டும்போது கூடுதலாகவும் ஐந்து பேர் ஏறினால் குறைவாகவும் தெரியும். இதுவரை சொன்னது அந்த வண்டியின் இயல்பு. இதற்கு மேல் வரும் குலுக்கலைத்தான் குறைக்க முடியும். அதில் முதல் இடம் காற்றழுத்தத்துக்கு.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயர், பின் டயர், குறைந்த ஆள், முழுச் சுமை என்று பிரித்து எழுதியிருப்பார்கள். வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும் 33 முதல் 36 பி.எஸ்.ஐ. என்பது பரவலாகக் காணும் அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. பம்பில் நிற்பவரோ ஸ்டிக்கரையே பார்ப்பதில்லை. “பேட்டரி வண்டியாக்கும் அண்ணே, கனம் கூடுதலு, 40 வச்சாத்தான் தாங்கும்” என்று சொல்லி நிரப்பிவிடுகிறார். ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூடினாலே டயர் அமுங்கிக் கொடுப்பது குறைந்து, ஒவ்வொரு பொடி ஜல்லியும் ஸ்டியரிங்கில் தெரியும். நடுப்பட்டை மட்டும் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும்.

அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மூன்று கி.மீ.க்குள்தான் ஓடியிருக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் இருந்து வெயிலில் ஓடி வந்து நாகர்கோவிலில் அளந்தால் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். கூடிவிட்டதென்று அப்போது இறக்கினால் மறுநாள் காலையில் காற்று குறைந்திருக்கும். சொகுசுக்காக வேண்டுமென்றே ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே இறக்குவது இன்னும் மோசம். இந்தக் கனத்தில் பக்கச் சுவர் சூடேறும், சார்ஜ் வீணாகும். குழியில் விழும்போது ரிம் விளிம்புக்கும் தாருக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்நூல் அறுந்து பக்கத்தில் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் வந்த டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி வீட்டிலேயே காலையில் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து டயரின் அளவு. 215/60 ஆர்16 டயரில் (அகலம் 215 மி.மீ., சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 16 அங்குலம்) ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உள்ள ரப்பர்ச் சுவரின் உயரம் 129 மி.மீ. தோற்றத்துக்காக 18 அங்குல அலாய் போட்டு 215/50 ஆர்18க்கு மாறினால் அது 107 மி.மீ. ஆகிவிடும். போவது ஒரு விரற்கடைதான். ஆனால் குழியின் அடியை முதலில் வாங்குவது அந்த விரற்கடைதான். அலாய் மாற்றிவிட்டு ஷாக் அப்சார்பரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. டயர் மாற்றும்போது சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 99 என்றால் 775 கிலோ. கம்பெனியில் வந்த எண்ணுக்குக் கீழே விலை மலிவென்று இறங்கக் கூடாது.

பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில், உதாரணமாக மார்த்தாண்டம் மேம்பாலத்தில், ‘டொய்ங்’ என்று பாத்திரம் தட்டியதுபோல ஒரு ஒலி சிலருக்குக் கேட்கும். டயருக்குள் அடைபட்ட காற்று சுமார் 200 ஹெர்ட்ஸில் அதிர்வதால் வருவது அது. உள்ளே நுரைப்பட்டை ஒட்டிய டயர்கள் இதைக் குறைக்கும். அத்தகைய டயரில் பஞ்சர் ஒட்டும்போது உள்பக்கப் பேட்ச் வைக்க அந்த இடத்து நுரையை வெட்டி எடுக்க வேண்டும். பஞ்சர் திரவத்தை ஊற்றினால் நுரை அதைக் குடித்துவிடும், துளையும் அடையாது. சாலையோரப் பஞ்சர் கடையில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘ஊம்’ என்று வேகத்தோடு ஏறும் இரைச்சல் வந்தால் டயரா பேரிங்கா என்று பிரிக்க வேண்டும். சாலை மாறும்போது இரைச்சலும் மாறினால் டயர். சாலை எதுவானாலும் ஒரே மாதிரி ஒலித்து, வண்டியை இடப்பக்கம் மெல்ல வளைக்கும்போது கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங். வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடப்பக்கத்தது. டயர் என்று தெரிந்தால் அதன் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் கூர் கூராகவும் தட்டினால் வீல் அலைன்மென்ட்டில் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) விலகியிருக்கிறது. மோட்டார் முதல் மிதியிலேயே முழு இழுவையையும் தருவதால் முன்சக்கர இழுவை வண்டிகளில் முன் டயர் சீக்கிரம் தேயும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் இந்த இரைச்சல் தள்ளிப்போகும்.

இனி ‘டக் டக்’. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, 20, 30 கி.மீ. வேகத்தில் தட்டுகிறதா? இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறும்போது தட்டவில்லையா? அப்படியானால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, அதாவது வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு. இரண்டு பக்கமும் சமமாக அசையும்போது அந்தக் குறுக்குக் கம்பிக்கு வேலையே இல்லை என்பதால்தான் அப்போது சத்தம் வராது. சின்னச் சாமான், செலவும் குறைவு. இதைப் பார்க்காமல் நான்கு ஷாக் அப்சார்பரையும் கழற்றச் சொல்கிறவர்கள் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மேலே ‘கடக்’ என்றால் ஷாக் அப்சார்பரின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் டாப் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை மாற்றினால் அதன் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி முழு எடையும் இறங்கிய நிலையில்தான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சவாரி கட்டையாக இருக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். புது சாமான் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டும் பல கேஸ்களில் நடந்தது இதுதான்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய எண்ணெயோ பீய்ச்சும் வழக்கத்தையும் விட வேண்டும். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போய் இளகும் என்று குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சஸ்பென்ஷன் புஷ்களில் இருப்பதும் பெரும்பாலும் அந்த ரப்பர்தான். கதவு பீடிங்குக்கு (கதவு ஓர ரப்பர் பட்டைக்கு) சிலிக்கான் ஸ்ப்ரே போதும். அதற்கு முன் ஈரத்துணியால் மணலைத் துடைத்தெடுங்கள். கடற்கரை ஊர்களில் பீடிங் சீக்கிரம் சொரசொரப்பாவது அந்த மணலால்தான்.

காற்றுச் சத்தம் நமக்குப் பெரிய விஷயமில்லை என்றாலும் ஆரல்வாய்மொழி கணவாய் விதிவிலக்கு. எதிர்க்காற்று 40 கி.மீ.யில் வீசும்போது 60ல் போகும் வண்டியின் மேல் 100 கி.மீ. காற்று மோதுகிறது. அங்கே மட்டும் விசில் கேட்டால் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் லேசாக உருவி வருகிறதோ அங்கே பீடிங் அழுந்தவில்லை. அப்போதும் பிடிபடவில்லை என்றால் கண்ணாடி ஓரம், மிரர் அடி, கூரைக் கம்பி என்று ஒவ்வொரு இடமாக மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எதை ஒட்டியதும் விசில் நிற்கிறதோ அதுதான் இடம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஷீட் பற்றிப் பேசலாம். டேம்பிங்குக்கு ஒட்டும் 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ கனக்கும். தகரம் அதிர்வதை அது அடக்கும். டயரின் இரைச்சலைத் தடுப்பது அதன் வேலையில்லை. ஒரு தகட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும், முழுக்க மூடுவது ஷீட் விற்கிறவருக்குத்தான் லாபம். எஸ்யூவியில் டிக்கி தனி அறையாக இல்லை. அதனால் பின்சக்கர இரைச்சல் நேராகத் தலைக்குப் பின்னால் வந்து சேரும். செலவு செய்வதென்றால் முதலில் பின்சக்கர வளைவுக்கும் டிக்கித் தரைக்கும் செய்யுங்கள். அங்கே கனமான பாய் போட்டாலே வித்தியாசம் தெரியும். கதவில் ஒட்டினால் அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைக்காதீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. உள்ளே நீர் தேங்கினால் உப்புக் காற்றோடு சேர்ந்து கதவின் அடிவிளிம்பு துருப்பிடிக்கும். தரையில் துளை போடவோ, ஆரஞ்சு நிற கேபிளைத் தொடவோ எவரையும் விடக் கூடாது; அது உயர் மின்னழுத்தப் பாதை. பேட்டரிப் பெட்டியின் அடியில் கோட்டிங் அடிப்பதும் வேண்டாம், அதில் அழுத்தம் வெளியேறும் துவாரங்கள் உண்டு.

பலன் தெரிய வேண்டுமானால் சத்தம் அளக்கும் செயலி உள்ள ஒரே போன், ஒரே சாலை, ஒரே வேகம், ஏசி விசிறி அணைத்து, முன்னும் பின்னும் அளக்க வேண்டும். 3 டெசிபல் குறைந்தால் காதுக்கே தெரியும். இரைச்சல் பாதியானதுபோல உணர 10 வேண்டும். அடுத்தவர் போனில் வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஷோரூம்காரர் நான்குவழிச் சாலையில் கூட்டிப்போனால் திங்கள்சந்தை, கருங்கல் பக்கத்து உட்சாலையில் விடச் சொல்லுங்கள். பாட்டை அணையுங்கள். நான்கு பேராகப் போய், பாதி தூரம் பின்சீட்டில் உட்காருங்கள். பேட்டரியால் தரை உயர்ந்திருக்கும் வண்டிகளில் முழங்கால் தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் கிடைக்காது. வயதானவர்களுக்குக் குலுக்கலைவிட இதுதான் வலி. பின்னால் ட்விஸ்ட் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள வண்டியில் ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மறு பக்கமும் ஆடும், அதையும் கவனியுங்கள். பேச்சிப்பாறைச் சாலை போன்ற வளைவுகளில் பின்சீட்டுக்காரருக்குக் குமட்டினால் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக் பிடித்துப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி) அளவைக் குறைத்து வையுங்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் சட்டென்று வேகம் குறைவதுதான் குமட்டலுக்குக் காரணம். இறக்கத்தில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் ரீஜென் சரியாகப் பிடிக்காது, பிரேக்கை நம்புங்கள்.

நெடுஞ்சாலைத் துறைக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒரு கோரிக்கை. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐஆர்சி 99 வழிகாட்டி சொன்ன வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்டது, 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். நம் உட்சாலைகளில் இருப்பவை பல இடங்களில் இரண்டடி அகலத்தில் வரப்பு மாதிரி நிற்கின்றன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.6 மீட்டருக்கு மேல் உள்ள, நடுவில் பேட்டரி தொங்கும் வண்டி ஐந்து பேரோடு அதில் ஏறினால் அடி உரசும். அவற்றை அளவுக்குத் திருத்தி, வெள்ளைப் பட்டை அடித்து, முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கார் டயர், சஸ்பென்ஷன் தொழிலில் உள்ள சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.