அறிவியல் மன்றத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தளித்தது

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். நான் பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இவ்வாண்டு உரைகளின் பொருள், திரவமாக்கிய வாயுக்களின் வேதிக் குணங்களை ஆராய்ந்த தொடக்ககாலச் சோதனைகள். 1823இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே, மூடிய கண்ணாடிக் குழாயில் குளோரின் ஹைட்ரேட்டை (குளோரினும் தண்ணீரும் சேர்ந்த படிகம்) சூடாக்கித் திரவக் குளோரினைப் பெற்ற கதை பலருக்கும் தெரிந்ததே. குழாய் வெடித்து அவர் கண்ணில் 13 கண்ணாடித் துணுக்குகள் பாய்ந்ததை அறிந்தோர் குறைவு.

அதிகம் பேசப்பட்டவர் பர்மிங்ஹாமின் வேதியியலர் ஜார்ஜ் கோர். பாடநூல்கள் ஏனோ இவரைக் கண்டுகொள்வதில்லை. திரவ கார்பன் டை ஆக்சைடு உலர்ந்த லிட்மஸை (அமிலம் பட்டால் சிவக்கும் சாயம்) சிவக்க வைப்பதில்லை என்று 1861இல் கண்டார். 1865இல் திரவ ஹைட்ரஜன் குளோரைடைச் சோதித்தார். தண்ணீரில் கலந்தால் அமிலமாகித் துத்தநாகத்தைப் பொங்கப் பொங்கக் கரைக்கும் பொருள், தனித் திரவமாக இருக்கையில் சுண்ணாம்பைக்கூடத் தொடவில்லை. பெரும்பாலான உலோகங்களும் தப்பின. அலுமினியம் மட்டும் கரைந்தது. அமிலத்தின் வேகத்துக்குத் தண்ணீரும் வேண்டும் என்பது இதில் தெளிவு.

மார்கழிக் கூட்டத்தில் உலர் பனிக்கட்டிமேல் (திட கார்பன் டை ஆக்சைடு) நீல லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்தோம். தாள் நீலமாகவே கிடந்தது. காற்றின் ஈரம் உறைபனியாகப் படிந்து, பிறகு உருகி ஓரத்தை நனைத்ததும், அந்த ஓரம் மட்டும் மெல்லச் சிவந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்கள்.

உலர்ந்த குளோரின் சாதாரண வெப்பநிலையில் இரும்பை அரிக்காததால்தான், 1888 வாக்கில் ஜெர்மனியில் அதைத் திரவமாக்கி எஃகு உருளைகளில் அடைக்க முடிந்தது. குளிர்ச்சியும் வினையின் வேகத்தைத் தணிக்கும்: 1897இல் வேதியியலர்கள் மோய்சானும் டியூவரும் திரவமாக்கிய ஃபுளூரின் கண்ணாடியை அரிக்கவில்லை. ஆனால் அதே இருவர் 1903இல் திட ஃபுளூரினைத் திரவ ஹைட்ரஜனோடு சேர்த்தபோது, சுமார் -252 டிகிரி செல்சியஸிலும் அது வெடித்தது.

திரவ அம்மோனியாவில் சோடியம் நீலமாகக் கரைவதை 1864இல் வைல் என்ற வேதியியலர் கண்டது பற்றிய உரை, நேரமின்மையால் வரும் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. செய்முறை கேட்கும் உறுப்பினர்களுக்கு: அம்மோனியாவை இந்த அரங்கத்துக்குள் அனுமதிக்க இயலாது.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் ஏற்பாட்டைத் தவறாமல் பார்த்துக்கொண்ட மகளிர் அணியினருக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்