நகர வாடகைப்படி கேட்டு ஒப்பந்த உதவிப் பணியாளர்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
தொழிலாளர் நலத்துறை ஆணையர் அவர்கள்

பொருள்: பெருநகரில் வேலை செய்யும் குறைந்த கூலிப் பணியாளர்களுக்கு வாடகைப்படி வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நாங்கள் ஒரு பெரிய மருத்துவமனையில் துப்புரவு, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, துணி வெளுப்பது, இரவுக் காவல் என்று ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறோம். சம்பளம் வந்த அன்றே பாதிக்கு மேல் வாடகைக்குப் போய்விடுகிறது. கட்டுப்படியாகாமல் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் நகரத்தை விட்டு இன்னும் தள்ளிப் போகிறோம். வாடகையில் மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்குச் சரியாகிவிடுகிறது. தூக்கம் போனதுதான் மிச்சம்.

எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு இரண்டாம் ஷிப்ட் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். உடை மாற்றும் அறையில் இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு, சீருடையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வார். பிள்ளை சாப்பிட்டானா, வீட்டுப்பாடம் முடித்தானா என்று போனிலேயே கேட்டுக்கொள்வார். வாரத்தில் மூன்று நாள் இப்படித்தான். அவருக்கு வீடு இருக்கிறது, வாடகையும் தவறாமல் கட்டுகிறார்.

குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்யும்போது குடும்பத்தின் தேவையையும் விலைவாசியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 131-வது உடன்படிக்கை 1970-லேயே சொல்லிவிட்டது. வழக்கமான வேலை நேரத்தில் ஈட்டும் கூலியிலேயே தொழிலாளியும் குடும்பமும் கண்ணியமாக வாழ முடிய வேண்டும் என்று அதே அமைப்பு 2024-ல் தெளிவுபடுத்தியது. அந்த 'வழக்கமான வேலை நேரம்' என்பதுதான் எங்களுக்கு எட்டாமல் இருக்கிறது. ஓவர்டைம் பார்த்தால்தான் மாதம் ஓடும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் வாடகை பாக்கி விழுந்துவிடும்.

ஆகவே அந்தந்த நகரத்தின் வாடகை நிலவரத்துக்கு ஏற்ற படியைக் குறைந்தபட்சக் கூலியோடு சேர்த்து வழங்கவும், அதை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தவும் உத்தரவிட வேண்டுகிறோம். அந்தப் படியை டெண்டரிலேயே தனித் தொகையாகக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குறைந்த தொகை கேட்டு ஒப்பந்தம் எடுப்பவர் முதலில் கை வைப்பது எங்கள் கூலியில்தான். இதை நாங்கள் அனுபவத்தில் பார்த்தவர்கள். அரசுப் பணிகளுக்கான ஒப்பந்தங்களில் கூலி விதிகளைச் சேர்க்க வேண்டும் என்று அதே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 94-வது உடன்படிக்கையும் 1949-லேயே கேட்டிருக்கிறது.

அப்புறம், உத்தரவு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று: இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஒரு பஸ், அதுவும் முடியாவிட்டால் பெண்கள் உள்ளே தாழிட்டுக்கொண்டு படுக்க ஓர் அறை. இந்த மாதமே இதற்கு ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒப்பந்த உதவிப் பணியாளர்கள்